கறுப்பு வெள்ளை போதுமா? எழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துக் கற்பது பற்றி

ஜனவரி 5 | தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டது

"எழுத்து வடிவமைப்பு கற்க ஒரு கறுப்புப் பேனாவும் வெள்ளைத் தாளும் போதும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது, நிழல் போடுவது, வண்ணம் சேர்ப்பது எல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களின் அலங்கார வேலை. தொடக்க மாணவருக்கு அது கெடுதல். மறுப்பவர் உண்டா?"

ஜனவரி 5, இரவு

உண்டு. காரைக்குடியில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தக் கல்யாணப் பத்திரிகைக்காரன் நான்தான். பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

கறுப்பு மையில் ஒரு 'ண' வரையுங்கள். நன்றாக வந்தால் வந்துவிட்டது என்று தோன்றும். வராவிட்டால் எங்கோ இடிக்கிறது என்று மட்டும் தோன்றும். எங்கே இடிக்கிறது என்று அந்தக் கறுப்பு சொல்லாது. அதே 'ண'வை மூன்று தாள்களில் பிரித்து வரையச் சொல்லுங்கள்: ஒன்றில் தடித்த உடல், ஒன்றில் அந்த உடலின் நடுவே ஓடும் மெல்லிய கோடு, ஒன்றில் நிழல் மட்டும். இரண்டாவது தாளிலேயே மாணவர் திணறுவார். கோட்டின் நடு எது? சுழி உள்ளே திரும்பும் இடத்தில் உள் விளிம்பும் வெளி விளிம்பும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. ஆகவே நடுக்கோடு ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கினால் உடலின் தடிமன் அங்கே பிசகியிருக்கிறது என்று பொருள். கறுப்பு மறைத்ததை நடுக்கோடு காட்டிக்கொடுக்கிறது.

இது அலங்காரமா, சோதனையா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜனவரி 6

"பட்டறை இல்லாதவர் என்ன செய்வது?" என்று பள்ளத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். பட்டறை எதற்கு? பரிசுப் பொருள் சுற்றும் வண்ணக் கண்ணாடித் தாள் எந்தப் பலசரக்கு, காகிதக் கடையிலும் கிடைக்கும். மஞ்சள், நீலம், சிவப்பு வாங்குங்கள். கூடவே ஒரு கூரான பிளேடு.

மூன்று தாளிலும் ஒரே வடிவத்தை வெட்டி, சற்றுத் தள்ளித் தள்ளி ஒட்டுவது எல்லோரும் செய்வது. பார்க்க அழகாக இருக்கும், கற்க ஒன்றும் இராது. மஞ்சளில் எழுத்தின் தடித்த வடிவத்தை வெட்டுங்கள். நீலத்தில் அதே எழுத்தின் மெலிந்த வடிவம். சிவப்பில் எழுத்தையே விட்டுவிட்டு, எழுத்தின் உள்ளே அடைபட்ட வெள்ளையை மட்டும் வெட்டுங்கள். மூன்றையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே நின்று பாருங்கள்.

மஞ்சளும் நீலமும் சேர்ந்த இடம் பச்சையாகத் தெரியும். பச்சையைச் சுற்றி மஞ்சள் ஒரு விளிம்பாக மிஞ்சியிருக்கும். அந்த மஞ்சள் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். மெலிந்த எழுத்தைத் தடித்த எழுத்தாக்க எங்கே எவ்வளவு சதை போட்டீர்கள் என்பது அதில் அப்படியே எழுதியிருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அகலம் என்றால் எழுத்து பருத்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல எழுத்தில் விளிம்பு ஓரிடத்தில் அகன்று ஓரிடத்தில் ஒடுங்கும். சுழிக்குள் அனேகமாகக் காணாமலே போய்விடும். ஏனென்றால் சுழிக்கு உள்ளே சதை போட இடம் கிடையாது. போட்டால் வெள்ளை அடைத்துக்கொள்ளும்.

ஜனவரி 6, சற்று நேரம் கழித்து

அதே பள்ளத்தூர்க்காரர் திரும்ப வந்து, "'ட'வுக்குச் சிவப்புத் தாளில் என்ன வெட்டுவது? அதில் அடைபட்ட வெள்ளையே இல்லையே" என்கிறார். உண்மை. 'ட', 'ப' இரண்டிலும் வெள்ளை திறந்து கிடக்கிறது. ஆனாலும் அங்கே வெள்ளை இருக்கிறது அல்லவா? அது எங்கே முடிகிறது என்று நீங்கள்தான் எல்லை போட வேண்டும். 'ப'வின் மேல்பக்கத்தைக் கற்பனைக் கோட்டால் மூடி வெட்டுங்கள். 'ட'வுக்கு எங்கே மூடுவீர்கள் என்பது உங்கள் பொறுப்பு. அடுத்த எழுத்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது அந்த முடிவிலிருந்துதான் பிறக்கிறது. 'ட' வந்தாலே சொல்லில் ஓட்டை விழுந்தது போலத் தெரிவதற்கும் அதுதான் காரணம்.

ஜனவரி 8

நிழலுக்கு வருகிறேன். தேவகோட்டை நண்பர் "நிழல் வெறும் பகட்டு" என்று மீண்டும் எழுதியிருக்கிறார்.

சுவரில் விளம்பரம் எழுதும் ஓவியரைக் கவனித்ததுண்டா? நூலடித்து வரி பிடிப்பார், தட்டைத் தூரிகையால் எழுத்தை முழுதாக எழுதி முடிப்பார். அதன் பிறகுதான் நிழல். எழுத்தின் விளிம்பை ஒட்டி, எழுத்தின் மேல் ஏறாமல், ஒரே மூச்சில் இழுப்பார். பட்டறையில் நாங்கள் தலைகீழ். நிழல் வெளிர் நிறம் என்றால் அதை முதலில் அடித்துக் காயவிட்டு, உடலை அதன் மேல் இறக்குவோம். ஓவியருக்கு நிழல் எழுத்தின் மிச்சம். அச்சுக்காரனுக்கு எழுத்து நிற்கும் தரை. இரண்டு வழியிலும் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு நிழல் எங்கே விழும் என்பது கைக்கு வந்துவிடும்.

எங்கே விழும் என்பதில் தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. ப, ய, வ, ன, ண போன்றவை வலப்பக்கம் நேர்க்கோட்டில் முடிகின்றன. வலப்பக்கம் நிழல் போட்டால் துண்டாக நிற்கும். ஆனால் கொம்பு வந்தால் கதை மாறும். 'தெ'வில் கொம்பின் நிழல் நேராகப் போய் 'த'வின் முதுகில் விழுகிறது. 'கொ'வில் கொம்பின் நிழல் 'க'வின் மேல், 'க'வின் நிழல் காலின் மேல். மூன்று துண்டும் ஒன்றையொன்று இருட்டாக்குகின்றன. ஆங்கிலப் பலகையைப் பார்த்து நிழலின் அகலத்தை அப்படியே எடுத்துவந்தால் இந்தக் கதிதான். நிழலைக் குறை, அல்லது கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே இடம் விடு, அல்லது கொம்புக்கு மட்டும் நிழலை நிறுத்து. நான் முதலாவதைச் செய்கிறேன். மூன்றாவதைச் செய்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது, காரணம் கேட்காதீர்கள்.

ஜனவரி 11

"இந்த அடுக்கு மோகம் கணினி வந்த பிறகு வந்தது" என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இல்லை.

நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் 1827-இல் மர எழுத்துகளைச் சுழலும் வெட்டுக்கருவியால் குடைந்து மொத்தமாகச் செய்யத் தொடங்கினார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் அதனுடன் அளவு மாற்றி நகலெடுக்கும் கருவியையும் சேர்த்தார். சுவரொட்டிக்கான பெரிய எழுத்து மலிந்தது அப்போதுதான். அடுத்து வந்தது வண்ண மர எழுத்து. ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டை, சிலவற்றுக்கு மூன்று. முதல் கட்டையை ஒரு மையில் அடித்து, இரண்டாவதை வேறு மையில் அதன் மேல் அடிப்பார்கள். இரண்டும் படிந்த இடத்தில் மூன்றாவது நிறம் தானாக வரும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்லியம் பேஜ் 1874-இல் வெளியிட்ட வண்ண மர எழுத்து மாதிரித் தொகுப்பைப் படமாகவாவது பார்த்துவிடுங்கள். எழுத்துச் செதுக்கியவர் எந்த இடம் படிய வேண்டும், எந்த இடம் விலக வேண்டும் என்று கட்டையிலேயே தீர்மானித்திருக்கிறார். இரண்டு மையில் மூன்று நிறம் என்பது சிக்கனம். அச்சுக்கூடத்தில் எல்லா அழகுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கும்.

கணினியில் இன்று வரும் வண்ண எழுத்துருக்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2013-இல் விண்டோஸ் 8.1 உடன் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த முறையில் ஓர் எழுத்து பல அடுக்குகளாகப் பிரித்து வைக்கப்படுகிறது. எந்த அடுக்கு எந்த நிறம் என்பது தனி அட்டவணை. கட்டை போய் அட்டவணை வந்திருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: அந்த முறையில் மேலடுக்கு பொதுவாகக் கீழடுக்கை மறைக்கும். மை படிந்து மூன்றாவது நிறம் தரும் வித்தை அதில் தானாக நடக்காது. பெரும்பாலும் அந்த நிறத்துக்கும் தனியாக ஓர் அடுக்கு வரைய வேண்டியிருக்கும்.

ஜனவரி 18

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால், நடுவீட்டுக் கோலத்தில் எல்லா அடுக்கும் இருக்கிறது, எழுத்து வடிவமைப்பே அங்கிருந்துதான் வந்தது என்று யாரோ உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். எங்கள் வீட்டிலும் நடுவீட்டுக் கோலம் போட்டார்கள். அரிசி மாவு, ஒரே வெள்ளை, ஒரே அடுக்கு. அருமையாக இருந்தது. அதை இதில் இழுக்க வேண்டாம். எதை எடுத்தாலும் கோலத்தில் கொண்டுபோய் முடிப்பதை ஓராண்டுக்காவது நிறுத்திப் பார்ப்போமே.

ஜனவரி 25

கோலத்தை விரட்டிய கையோடு ஆத்தங்குடிக் கல்லை உள்ளே கொண்டுவருகிறேன். சிரிக்க வேண்டாம், இதற்குக் காரணம் இருக்கிறது.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் இடத்தில் ஓர் எழுத்தை வார்த்துத் தரக் கேட்டேன். பூவும் கொடியும் வார்த்துப் பழகிய கை, எழுத்தும் வார்க்கும் என்ற நம்பிக்கை. கீழே கண்ணாடிச் சில்லு. அதன் மேல் சதுர இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் தகட்டு அச்சு, அதாவது மெல்லிய தகடுகளை வளைத்து அறை அறையாக இணைத்தது. வண்ணப் பொடி கலந்த சிமெண்டைக் குழம்பாகக் கரைத்து, கரண்டியால் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கி எடுத்ததும் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, கலப்பதில்லை. குழம்பின் பதம் அப்படி. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிறார்கள், அது ஈரத்தை உறிஞ்சுகிறது. அதற்கு மேல் காரை. பிறகு வெயில், பிறகு தண்ணீர்த் தொட்டி. எடுத்துத் திருப்பினால் கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் முகம். அந்தப் பளபளப்பு கண்ணாடியின் கொடை.

திருப்பினால் என்று சொன்னேன், கவனித்தீர்களா? முகம் கீழே இருக்கிறது. ஊற்றுபவர் பார்ப்பது முதுகை. ஆகவே எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றித்தான் அச்சு வளைக்க வேண்டும். ஈய எழுத்துக் கோத்த பழைய கம்பாசிட்டர்களுக்கு இது தினசரிப் பழக்கம். 'ழ'வை நான் இடவலம் மாற்றி வரைந்து எடுத்துப் போயிருந்தேன். அச்சு வளைத்த பெரியவர் என் தாளைப் பார்த்ததும் எழுத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. 'ழ'வின் வால் திரும்பும் இடத்தில் விரலை வைத்து, "இந்த மூலையில் குழம்பு இறங்காது, கொஞ்சம் அகட்டிக் கொடுங்கள்" என்றார். எழுத்து வடிவமைப்பு வகுப்பில் முதல் ஆண்டு முழுக்கச் சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். கூர்மையான உள்மூலையில் மையும் தேங்கும், குழம்பும் நிற்கும், கண்ணும் நிற்கும். சின்ன அளவில் அச்சிடும் எழுத்துகளில் மூலையைக் கொஞ்சம் குடைந்து வைப்பதும் இதற்குத்தான்.

அகட்டிக் கொடுத்தேன். கல் வந்தது. வாலின் வளைவு என் தாளில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது.

ஜனவரி 26

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. கல்லில் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. ஸ்கிரீனில் ஏறுகின்றன. இந்த இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் முறையில் ஒவ்வொரு துண்டும் தனக்கான எல்லையோடு பிறக்கிறது. உள்வெள்ளையும் ஒரு துண்டுதான், அதற்கும் குழம்பு ஊற்ற வேண்டும். ஏறும் முறையில் எல்லை இரண்டு அடுக்கு சந்திக்கும்போதுதான் தெரியவரும். முதலாவது உள்வெள்ளையை மதிக்கக் கற்றுத் தருகிறது. இரண்டாவது துணிச்சலைக் கற்றுத் தருகிறது. எது முதலில் என்று கேட்டால் கல்தான்.

ஏறும் முறைக்கு மை ஊடுருவித் தெரிய வேண்டும். கடையில் வாங்கும் மையை டப்பாவிலிருந்து அப்படியே அடித்தால் மேலே இருப்பது கீழே இருப்பதை மூடிவிடும், மூன்றாம் நிறம் வராது. நிறமில்லாத மீடியம் கலந்து தளர்த்துங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்குகிறது, சையான் என்னும் பச்சை சாய்ந்த நீல மை சிவப்பு ஒளியை விழுங்குகிறது, இரண்டும் படிந்த இடத்தில் தப்பிப்பது பச்சை மட்டும். சையானுக்குப் பதில் ஊதா சாய்ந்த நீலம் எடுத்தால் பச்சை அழுக்காக வரும்.

பிப்ரவரி 3

வண்ணம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நம் வீட்டுத் தரைகளில் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தரையில் நன்றாக இருக்கிறது என்பதற்காக எழுத்தில் அதே சிவப்பையும் பச்சையையும் வைத்தால் விளிம்பு நடுங்கும், படிக்க முடியாது. ஏன் என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று: கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால் எழுத்து மறைந்துவிடும். நிறம் வேறு, வெளிச்ச அளவு ஒன்றே. கண் எழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்து. தரையில் படிக்க எதுவும் இல்லாததால் அந்த நடுக்கம் அங்கே மினுக்கமாகிவிடுகிறது.

இரண்டாவது விஷயம், பக்கத்து நிறம். செவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸில் கோபெலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் பழுதில்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. 1839-இல் இதைப் பெரிய நூலாகவே எழுதிவைத்தார். காரைக்குடிக் கண்டாங்கியை விரித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. கடுகு மஞ்சளுக்குப் பக்கத்தில் ஓடும் கறுப்புக்கட்டமும், அரக்குச் சிவப்புக்குப் பக்கத்தில் ஓடும் அதே கறுப்புக்கட்டமும் ஒரே கறுப்பாகத் தெரியாது. எழுத்தின் உடலுக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்துவிட்டு, நிழலை மட்டும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். உடலின் நிறமே மாறுவது போலத் தெரியும். அதற்குப் பெயிண்ட் கலக்க வேண்டியதில்லை, வண்ணத் தாளை வெட்டி வைத்தாலே போதும். ஓவிய ஆசிரியர் யோசப் ஆல்பர்ஸ் தம் மாணவர்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். தாளில் நிறம் மாறாது, ஆகவே மாறியது கண்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 4

"பத்திரிகைக்கு என்ன நிறம் நல்லது?" என்று ஒருவர் கேட்கிறார். பெண் வீட்டார் சிவப்பில் தங்கம் கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் மஞ்சளில் சிவப்பு கேட்பார்கள். கடைசியில் தாத்தா ஒருவர் வந்து எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பார். தாத்தா சொல்வதைக் கேளுங்கள்.

பிப்ரவரி 15

தேவகோட்டை நண்பருக்கு. அடுக்கையும் வண்ணத்தையும் தொடக்கத்தில் ஒரே மூச்சில் பேசினேன், நீங்களும் அப்படியே கேட்டீர்கள். பிரித்துப் பேசினால் நம் சண்டை பாதியாகக் குறையும்.

அடுக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும். இதில் நான் இறங்கிவரப் போவதில்லை. வண்ணம் காத்திருக்கலாம். பட்டறைக்குக் கற்க வரும் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் முதலில் மூன்று சாம்பல் கொடுக்கிறேன்: வெளிர், நடு, அடர். அடுக்கு எல்லாம் சாம்பலிலேயே. சாம்பலில் நிற்காத எழுத்தை எந்த வண்ணமும் நிறுத்தாது. சாம்பலில் நின்றுவிட்டால் அதே வெளிச்ச அளவில் நிறங்களைத் தேடலாம். வெளிர்ச் சாம்பலுக்கு மஞ்சள், நடுவுக்கு ஆரஞ்சு, அடருக்கு அரக்கு என்று. இந்தத் தேடலில்தான் நிறம் பற்றிய படிப்பே நடக்கிறது. மஞ்சளை எவ்வளவு அழுத்தினாலும் அடருக்கு வராது, வந்தால் அது மஞ்சளாக இராது.

ஆக, உங்கள் கறுப்பு வெள்ளைக்குப் பாதிக்கு மேல் வந்துவிட்டேன். நடுவில் ஒரு சாம்பலை மட்டும் நீங்கள் அனுமதிக்க வேண்டும்.

பிப்ரவரி 22

புள்ளி. ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுத்தைத் தடிக்க வைத்து, அதன் மேல் விளிம்புக் கோடு போட்டு, நிழலும் சேர்த்தால் முதலில் பலியாவது புள்ளி. 'க்' மேலே உள்ள புள்ளியைச் சுற்றி விளிம்புக் கோடு வந்ததும் நடுவே ஒன்றும் மிஞ்சாது. நிழல் வந்ததும் அது புள்ளியா, மேலே சொட்டிய மையா என்று சந்தேகம் வரும். புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும் மொழி நம்முடையது. ஆகவே புள்ளியை உடலின் ஒரு பகுதியாக நினைக்காமல் தனி அடுக்காக வைத்து, அதற்கென்று அளவும் நிறமும் கொடுத்துப் பழகுங்கள். மற்ற அடுக்குகளில் விளிம்புக் கோடு இருந்தாலும் புள்ளிக்கு வேண்டாம்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர்களிடம் இதைக் கற்கலாம். செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் விலாசம், அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகள், வெட்டியிருக்கும், விசேஷ வீட்டுக்குப் போன அண்டா திரும்பி வர வேண்டுமே. சிற்றுளியால் தட்டித் தட்டி, கோடு முழுவதையும் புள்ளி புள்ளியாகவே எழுதுவார்கள். எழுத்தே புள்ளியால் ஆனது என்றால் மெய்யெழுத்தின் புள்ளியை எப்படிக் காட்டுவது? எங்கள் வீட்டுப் பித்தளைத் தூக்கில் பார்த்தேன். கோட்டுப் புள்ளிகள் நெருக்கமாக, மேலோட்டமாக விழுந்திருக்கின்றன. மெய்ப்புள்ளி தள்ளி, தனியாக, ஆழமாக ஒரே அடியில் விழுந்திருக்கிறது. விரலால் தடவினாலே வேறுபாடு தெரிகிறது. வண்ணம் இல்லை, அடுக்கு இருக்கிறது.

கணினிக்காரர்களுக்கு: புள்ளியை மட்டும் வேறு நிறமாக்க முயன்று, முடியவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். 'க்' என்பது கணினிக்கு 'க', புள்ளி என்று இரண்டு குறியீடு. ஆனால் திரையில் பல எழுத்துருக்கள் அதை ஒரே வடிவமாகச் சேர்த்துக் காட்டுகின்றன, நிறம் பிரியாது. 'கொ' இன்னும் மோசம். அதன் உயிர்க்குறி ஒரே குறியீடு, வரும் இடமோ எழுத்தின் இரு பக்கமும். கொம்பை மட்டும் பிடித்து நிறம் மாற்ற வழியில்லை. எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி, துண்டு துண்டாக உடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உடைப்பதற்கு முன் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துப்பிழை கடைசி நிமிடத்தில்தான் கண்ணில் படும்.

மார்ச் 2

தூக்கு என்றதும் கானாடுகாத்தான் வாசகர் தம் வீட்டுப் பழைய பாத்திரங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் பழைய 'ணா', பழைய 'லை'. பெரியார் 1935-இல் தம் குடி அரசு இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, 1978-இல் தமிழக அரசு ஆணையாக்கிய சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள். இளைஞர்கள் இதைப் பார்த்துப் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பிவிடாதீர்கள். சீர்திருத்தம் நல்ல வேலை, தட்டச்சுக்கும் கோப்பதற்கும் வசதி செய்தது.

ஆனால் பயிற்சிக்குப் பழைய 'ணா' ஒரு புதையல். அதில் எழுத்தும் காலும் ஒரே கோடாகச் சுழன்று இணைகின்றன. நிழல் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும், எங்கும் முட்டாது. புதிய 'ணா'வில் கால் தனியாக நிற்கிறது, 'ண'வின் நிழல் அதன் மேல் விழுகிறது. ஜனவரி 8 அன்று கொம்பைப் பற்றிச் சொன்ன அதே சிக்கல். ஒரே சொல்லைப் பழைய வடிவத்திலும் புதிய வடிவத்திலும் ஒரே நிழல் அகலத்தில் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பது பற்றி நான் வாயால் சொல்வதைவிட நன்றாகப் புரியும்.

மார்ச் 10

"அடுக்குகளுக்கு நடுவே வெள்ளைக் கீற்று தெரிகிறது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ரிஜிஸ்டர், அதாவது அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம், விலகியிருக்கிறது. தாளின் நான்கு மூலையிலும் குறுக்குக் குறி போட்டு, ஒவ்வொரு ஸ்கிரீனையும் அதில் பொருத்துங்கள். அப்படியும் தாள் ஈரத்தில் கொஞ்சம் நீளும், வெயிலில் சுருங்கும், சித்திரை மாதத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே வெளிர் நிற அடுக்கை அடர் நிறத்தின் அடியில் மயிரிழை அளவு நுழையும்படி கொஞ்சம் பெரிதாக வரையுங்கள். அடர் நிறத்தைத் தொடாதீர்கள், எழுத்தின் வடிவத்தை அதுதான் காட்டுகிறது. சிவகாசியில் காலண்டர் அடிப்பவர்கள் இதைத் தூக்கத்திலும் செய்வார்கள்.

மார்ச் 11

கீற்று எப்போதும் பிழையா என்றால், இல்லை, சில நேரம் அழகு. வேண்டுமென்றே ஒரு பக்கமாக விலக்கி அடித்தால் எழுத்துக்கு ஒளி விழுந்தது போல இருக்கும். தானாக விலகியதை "வேண்டுமென்றே செய்தேன்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். எல்லா எழுத்திலும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

மார்ச் 21

கோட்டையூர் மாணவி தம் விலாசத்தை மூன்று அடுக்கில் செய்து அனுப்பியிருக்கிறார்: 'அரு. லெ.' கண்ணாடித் தாளில் தொடங்கி, சாம்பலுக்கு வந்து, பிறகு வண்ணம். வரிசை சரி.

'அ' நன்றாக இருக்கிறது. சுழியின் உள்வெள்ளைக்கு வெளிர் மஞ்சள் கொடுத்தது நல்ல முடிவு, எழுத்து உள்ளிருந்து ஒளிர்கிறது. 'ரு'வில் கீழ் வளைவு திரும்பும் மூலையில் மை தேங்கியிருக்கிறது. ஆத்தங்குடிப் பெரியவர் சொன்னதைப் படியுங்கள், அகட்டுங்கள். 'லெ'யில் கொம்பின் நிழல் 'ல'வின் முதல் சுழியை மூடிவிட்டது. நிழலைப் பாதியாகக் குறைத்தால் போதும், கொம்பைத் தள்ள வேண்டாம். தள்ளினால் அது 'ல'வுக்குச் சொந்தமில்லாதது போல நிற்கும். முற்றுப்புள்ளி இரண்டும் எழுத்தின் உடலைவிடப் பெரிதாக இருக்கின்றன. சிற்றுளிக்காரர் ஒரே அடியில் விட்டதைப் போல விட்டுவிடுங்கள்.

ஊதா வேண்டாம். ஏற்கெனவே அரக்கு இருக்கிறது, இரண்டும் கைப்பேசிப் படத்தில் ஒரே சாம்பலாக வருகின்றன. ஊதா அடுக்கை எடுத்துவிட்டு ஒரு பிரதி அடித்து அனுப்புங்கள், பிறகு பேசலாம்.